வாடகையும் வரவில்லை, வீடும் காலியாகவில்லை: என்ன செய்யலாம்?

மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கி, சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது அறுபத்தொன்று. அரசாங்க ஊழியராக இருந்த கணவர் சில ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். உயில் எதுவும் இல்லை. கணவரின் பென்ஷனை விட்டால் இவருக்கு இருக்கும் ஒரே வருமானம், பாயான் பாருவில் கணவர் வாங்கிய அடுக்குமாடி வீட்டின் வாடகை. 2022 ஜூன் மாதம், கோயிலில் பழக்கமான ஒருவரின் சிபாரிசில், மாதம் 1,100 வெள்ளிக்கு (ரிங்கிட்) அதை ஒரு குடும்பத்துக்கு விட்டிருக்கிறார். வேன் ஓட்டுநர், அவர் மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். புத்தகக் கடையில் வாங்கிய அச்சுப் படிவத்தில் ஓராண்டுக்கு ஒப்பந்தம் போட்டு இருவரும் கையெழுத்திட்டார்கள். முத்திரை வரி கட்டவில்லை. டெபாசிட்டாக ஒரு மாத வாடகையும், தண்ணீர் மின்சாரத்துக்கு 300 வெள்ளியும் வாங்கினார். ஓராண்டு முடிந்ததும் புது ஒப்பந்தம் எழுதவில்லை. வாடகை மாதாமாதம் வந்துகொண்டிருந்தது.

இப்போது ஐந்து மாதமாக வரவில்லை. "அடுத்த மாதம் சேர்த்துக் கொடுத்துடுறேன்கா" என்ற பதில் மட்டும் வருகிறது. கணவர் பெயரிலேயே இருக்கும் தெனாகா மின்சாரக் கணக்கில் 640 வெள்ளி பாக்கி. பராமரிப்புக் கட்டணம் கட்டவில்லை என்று நிர்வாக அலுவலகத்திலிருந்து இவருக்குக் கடிதம். போலீஸ் நிலையத்தில் "இது சிவில் விவகாரம்" என்று அனுப்பிவிட்டார்கள். ஷா ஆலாமில் இருக்கும் மகன் பூட்டை மாற்றச் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்கிறார். அண்ணனோ, பினாங்கில் பழைய குடித்தனக்காரரை எழுப்பவே முடியாது, இன்னும் சில வருடம் விட்டால் வீடே அவருக்குப் போய்விடும் என்று பயமுறுத்துகிறார். இதற்கிடையில் ஓர் ஏஜெண்டு, வீடு காலியானால் எட்டு வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு 1,600 வெள்ளிக்கு விடலாம் என்கிறாராம்.

பூட்டை மாற்றலாமா, சாமான்களைப் பிடித்து வைக்கலாமா, முத்திரை இல்லாத ஒப்பந்தம் செல்லுமா, அடுத்து யாருக்கு விடுவது என்பவை அவர் கேள்விகள்.

அம்மா, நீங்கள் இரண்டு விஷயங்களை ஒன்றாக வைத்துக் குழம்புகிறீர்கள் என்று தோன்றுகிறது. வீட்டைத் திரும்ப வாங்குவது ஒன்று. பாக்கியை வசூலிப்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டால் பெரும்பாலும் இரண்டுமே இழுத்தடிக்கும். "பணத்தைக் கொடுத்துவிட்டுப் போ" என்று சொன்னால், கையில் பணம் இல்லாதவர் போகவே மாட்டார். உங்கள் நிலையில் நான் வீட்டைத்தான் முதலில் கேட்பேன். அவர் அங்கே இருக்கும் ஒவ்வொரு மாதமும் உங்களுக்கு 1,100 வெள்ளி போகிறது. பழைய பாக்கியைக் கேட்டு வழக்குப் போடச் சட்டம் ஆறு ஆண்டு தருகிறது, அதனால் அதற்கு அவசரமில்லை.

பூட்டு, மின்சாரம், சாமான்

மகன் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் அவர் சொல்வதைச் செய்யாதீர்கள். 1950ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம், 7ஆம் பிரிவில் இதைத் தெளிவாகவே சொல்கிறது: வாடகை ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஒருவர் வீட்டைவிட்டு வெளியேறாமல் இருந்தால், நீதிமன்றத்தின் வழியாகத்தான் அவரை வெளியேற்ற வேண்டும். வீடு உங்களுடையது, வாடகை பாக்கி இருக்கிறது, ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்ற மூன்றும் உண்மையாக இருந்தாலும் பூட்டு மாற்ற அனுமதி இல்லை.

இன்று அவர் உங்களுக்குக் கடன்பட்டவர். பூட்டை மாற்றும் நாளில் நீங்கள் பிரதிவாதி ஆகிவிடுவீர்கள். பிள்ளைகளோடு வாசலில் நின்று போலீஸ் புகார் கொடுப்பார், நஷ்டஈடு கேட்டு வழக்கும் போடலாம். சட்டத்தை விடுங்கள், நடைமுறையை யோசியுங்கள். "உள்ளே பத்துப் பவுன் நகை வைத்திருந்தேன், காணவில்லை" என்று அவர் சொன்னால், இல்லை என்று நீங்கள் எப்படி நிரூபிப்பீர்கள்?

மின்சாரமும் அப்படித்தான். கணக்கு உங்கள் வீட்டுப் பெயரில் இருப்பதால் துண்டிக்கச் சொல்வது சுலபம், அதனால்தான் ஆசை வருகிறது. சில ஒப்பந்தங்களில் வாடகை நின்றால் மின்சாரத்தை நிறுத்தலாம் என்று ஒரு வரி எழுதியிருப்பார்கள். உங்கள் கடைப் படிவத்தின் நகலைப் பார்த்தேன், அந்த வரி இல்லை. பிள்ளைகள் இருக்கும் வீட்டை இருட்டாக்கிவிட்டு நீதிபதி முன்னால் போய் நிற்பது உங்களுக்கு நல்லதில்லை. அவருடைய அடையாள அட்டையைப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடும் யோசனையும் கடிதத்தின் ஓரத்தில் இருந்தது. வேண்டாம். மானநஷ்ட வழக்கு ஒன்றை நீங்களே அவர் கையில் கொடுக்கவேண்டியதில்லை.

சாமான்களைப் பொறுத்தவரை, நீங்கள் போய் ஃபிரிட்ஜையும் டிவியையும் எடுத்துவர முடியாது. ஆனால் 1951ஆம் ஆண்டின் ஜப்திச் சட்டத்தின்படி நீதிமன்றத்தில் விண்ணப்பித்து வாரண்டு வாங்கலாம். நீதிமன்ற அதிகாரி வந்து சாமான்களைக் கைப்பற்றுவார், பாக்கி கட்டாவிட்டால் ஏலம் விடுவார். அதிகபட்சம் கடைசி 12 மாத வாடகைக்கு இப்படிக் கேட்கலாம். உடுதுணி, படுக்கை, தொழில் கருவி போன்றவற்றைத் தொட முடியாது. கடை வாடகைக்கு இந்த வழி நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் உள்ளே சரக்கு இருக்கும். வேன் ஓட்டுநரின் பழைய ஃபிரிட்ஜை ஏலம் விட்டு எவ்வளவு தேறும்? உங்கள் விஷயத்தில் செலவுக்குக்கூடக் காணாது. அதோடு, ஜப்தி என்பது வாடகை உறவு தொடர்கிறது என்று வைத்துக்கொண்டு கேட்பது. காலி செய்யச் சொல்வது அந்த உறவை முடிப்பது. இரண்டும் ஒன்றையொன்று இடிக்கும். நான் இதை விட்டுவிடச் சொல்வேன்.

அண்ணன் சொன்னது எங்கிருந்து வந்தது

உங்கள் அண்ணன் இல்லாததைச் சொல்லவில்லை. ஜார்ஜ்டவுனில் வளர்ந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள், அந்தத் தலைமுறை அதைக் கண்ணால் பார்த்தது. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி 31ஆம் தேதிக்குள் கட்டப்பட்ட கட்டடங்களுக்குப் பொருந்தியது. பழைய கடைவீடுகளில் இருந்தவர்கள் மிகக் குறைந்த வாடகையில் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். சொந்தக்காரரால் வாடகையை ஏற்றவும் முடியாது, எளிதில் எழுப்பவும் முடியாது. 1997இல் அதை நீக்கச் சட்டம் வந்தது. இடைக்காலம் முடிந்து 2000 ஜனவரி 1 முதல் அந்தக் கட்டுப்பாடு இல்லாமல் போனது. அந்த வருடங்களில் ஜார்ஜ்டவுனில் எத்தனையோ குடும்பங்கள் வீடு மாறியது அண்ணனுக்கு நினைவிருக்கும்.

உங்கள் வீட்டுக்கு அது அப்போதும் பொருந்தாது, இப்போதும் பொருந்தாது. பாயான் பாரு என்ற நகரமே 1970களில் உருவானது.

நீண்ட நாள் இருந்தால் வீடு அவருக்குச் சொந்தமாகிவிடும் என்பதும் வீண் பயம். தேசிய நிலச் சட்டத்தின் 341ஆம் பிரிவு, ஒருவர் எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் கிராண்டில் (நிலப் பத்திரத்தில்) பெயர் உள்ள உரிமையாளர் நிலத்தைத் திரும்பக் கேட்பதை அது தடுக்காது என்கிறது. இந்தியாவில் பன்னிரண்டு வருடக் கணக்கு ஒன்று உண்டு. உறவினர்கள் வழியாகவும் யூடியூப் வழியாகவும் அது இங்கே வந்து பலரைத் தூங்கவிடாமல் செய்கிறது.

முத்திரை இல்லாத அந்தப் படிவம்

படிவம் செல்லாது என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அப்படியில்லை. மூன்று ஆண்டுக்கு உட்பட்ட வாடகைக்கு வாய்ப்பேச்சே போதும், எழுத்தில்தான் இருக்கவேண்டும் என்றுகூடச் சட்டம் சொல்வதில்லை. முத்திரை இல்லாவிட்டால் அதைச் சாட்சியமாக நீதிமன்றத்தில் காட்ட முடியாது, குறை அவ்வளவுதான். இப்போதுகூட வரியையும் தாமதத் தண்டத்தையும் கட்டி முத்திரை வாங்கலாம். உங்கள் ஒப்பந்தத்துக்கு இரண்டும் சேர்ந்து 200 வெள்ளியைத் தாண்டாது. நோட்டீஸ் அனுப்புவதற்கு முன் முதல் வேலையாக இதை முடித்துவிடுங்கள்.

நீங்கள் முத்திரை குத்தாததற்கு உண்மைக் காரணம் கடிதத்தின் நான்காம் பக்கத்தில் இருக்கிறது: "வருமான வரிக்காரர்கள் வந்துவிடுவார்களோ என்று பயம்." சிறு வீட்டுக்காரர்கள் பலருக்கும் இந்தப் பயம் உண்டு. கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆண்டு வாடகை 13,200 வெள்ளி. அதில் வீட்டு வரி, நில வரி, தீக் காப்புறுதி, பழுதுபார்த்த செலவு எல்லாம் கழியும். அவற்றைக் கழிக்காவிட்டால்கூட, தனிநபர் கழிவு 9,000 வெள்ளி போக மிஞ்சுவது 4,200. முதல் 5,000 வெள்ளிக்கு வரி விகிதம் பூஜ்யம். அரசாங்கப் பென்ஷனுக்கு வரி இல்லை. வேறு வருமானம் இல்லையென்றால் நீங்கள் ஒரு வெள்ளிகூட வரி கட்டவேண்டியதில்லை. இல்லாத வரிக்குப் பயந்து, தேவைப்படும் நேரத்தில் காட்ட முடியாத ஒப்பந்தத்தோடு இருக்கிறீர்கள்.

எந்த வரிசையில் செய்வது

முதலில் பேச்சு. கோயிலில் சிபாரிசு செய்தவரைக் கூப்பிடுங்கள். சிபாரிசு செய்கிறவர்கள் பொதுவாக அதோடு கை கழுவிவிடுவார்கள், எனக்கு இதில் கொஞ்சம் கோபம் உண்டு. ஆனால் நடுவராக அவர் உதவுவார். மூவரும் உட்கார்ந்து, "பாக்கியை அப்புறம் பார்ப்போம், எப்போது காலி செய்வாய்?" என்று மட்டும் கேளுங்கள். குறிப்பிட்ட தேதிக்குள் வீட்டைச் சுத்தமாக ஒப்படைத்தால் ஒன்றோ இரண்டோ மாத பாக்கியை விட்டுக்கொடுக்கலாம். உங்களுக்கு இது கசப்பாக இருக்கும். ஏமாற்றியவருக்கு எதற்குச் சலுகை என்று மகன் கேட்பார். வழக்கு என்று போனால் வழக்கறிஞர் கட்டணமும், நடக்கும் மாதங்களின் வாடகையும் அந்தச் சலுகையைவிட அதிகமாகப் போகும் என்று அவரிடம் சொல்லுங்கள்.

ஒத்துக்கொண்டால் ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள். காலி செய்யும் தேதி, இன்று வரை உள்ள பாக்கி எவ்வளவு, அதில் எவ்வளவு விடப்படுகிறது, மீதியை எந்தத் தவணையில் கட்டுவது, சாவி ஒப்படைக்கும் நாள் எல்லாம் அதில் இருக்கவேண்டும். காலி செய்யாவிட்டால் சலுகை ரத்து என்றும் சேருங்கள். சிபாரிசு செய்தவரே சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். பாக்கித் தொகையை அவரே கையெழுத்திட்டு ஒப்புக்கொண்ட அந்தத் தாள், பின்னால் உங்களுக்குக் கிடைக்கும் மிக நல்ல சாட்சியம்.

பேச்சு பலிக்காவிட்டால் நோட்டீஸ். ஓராண்டு முடிந்த பிறகும் மாதாமாதம் வாடகை கொடுத்து வாங்கியதால் உங்களுடையது இப்போது மாத வாடகை. ஒரு முழு மாத அவகாசம் கொடுத்து முடித்துக்கொள்ளலாம். வாடகை மாதம் ஒன்றாம் தேதி தொடங்குவதால், இந்த மாதம் முடிவதற்குள் நோட்டீஸ் அவர் கைக்குப் போகவேண்டும், காலி செய்யும் நாள் அடுத்த மாதக் கடைசி நாளாக இருக்கவேண்டும். மலாயில் எழுதுங்கள், நீதிமன்றத்தில் அப்படியே காட்டலாம். வீட்டு முகவரி, பாக்கி மாதங்கள், தொகை, காலி செய்யவேண்டிய தேதி, அதன் பிறகு இருந்தால் இரட்டை வாடகை கேட்கப்படும் என்ற எச்சரிக்கை போதும். வசவு வேண்டாம். பதிவுத் தபாலில் ஒன்று, வாட்ஸ்அப்பில் ஒன்று, கதவில் ஒட்டிப் படம் எடுத்து ஒன்று என்று மூன்று வழியிலும் சேர்த்துவிடுங்கள்.

அந்த இரட்டை வாடகை வெறும் மிரட்டல் இல்லை. 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டம், 28ஆம் பிரிவு, ஒப்பந்தம் முடிந்த பிறகும் வெளியேறாதவரிடம் வீட்டுக்காரர் இரட்டை வாடகை கேட்க வழி செய்கிறது. நோட்டீஸ் முடிந்த நாளிலிருந்து மாதத்துக்கு 2,200 வெள்ளி என்று கணக்கு ஓடும். கைக்கு வருமா என்பது வேறு விஷயம். ஆனால் பேச்சுக்கு அவரைக் கொண்டுவர இது உதவும்.

ஓர் எச்சரிக்கை. நோட்டீஸ் கொடுத்த பிறகு அவர் திடீரென்று 1,100 வெள்ளியை உங்கள் கணக்கில் போடலாம். அதைப் புது மாத வாடகையாக வாங்கிக்கொண்டால், வாடகையைத் தொடர நீங்களே சம்மதித்தீர்கள் என்று அவர் வாதிட இடம் உண்டாகும். பணத்தைத் திருப்பவேண்டாம். "பழைய பாக்கிக்காகப் பெற்றுக்கொண்டேன், காலி செய்யும் நோட்டீஸ் அப்படியே நிற்கிறது" என்று அன்றைக்கே எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் நீதிமன்றம். வீட்டை ஒப்படைக்கவும் பாக்கி, இரட்டை வாடகை கட்டவும் ஒரே வழக்கில் கேட்கவேண்டும். அவர் வந்து வாதாடாவிட்டால் சில மாதங்களில் தீர்ப்புக் கிடைக்கலாம், வாதாடினால் நீளும். தீர்ப்பு வந்த பிறகும் நீங்கள் போய்ப் பூட்டை உடைப்பதில்லை. நீதிமன்ற அதிகாரி வந்து வீட்டை எடுத்து உங்களிடம் கொடுப்பார்.

அவர் தானாகக் காலி செய்து, பாக்கி மட்டும் நின்றால் இன்னொரு வழி இருக்கிறது. 5,000 வெள்ளி வரையுள்ள தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு வழக்கு முறை உண்டு. வழக்கறிஞர் வைக்கவேண்டியதில்லை, படிவத்தை நீங்களே நிரப்பிக் கொடுக்கலாம். உங்கள் கணக்கைப் பாருங்கள்: ஐந்து மாத வாடகை 5,500. டெபாசிட் 1,100 கழித்தால் 4,400. மின்சாரம் 640இல் 300 கழித்தால் 340. மொத்தம் 4,740. இன்றைக்கு இது 5,000க்குள் இருக்கிறது. இன்னும் ஒரு மாதம் "பாவம், பிள்ளைகள் படிக்கிறார்கள்" என்று விட்டால் தாண்டிவிடும். இரக்கம் காட்டவேண்டாம் என்று சொல்லவில்லை. காட்டுவதைத் தேதி போட்டு, எழுத்தில் காட்டுங்கள்.

நிர்வாக அலுவலகக் கடிதம்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். பராமரிப்புக் கட்டணத்தை வாடகைதாரர் கட்டவேண்டும் என்று உங்கள் படிவத்தில் இருக்கலாம். அது உங்களுக்கும் அவருக்கும் உள்ள பேச்சு. 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி) நிர்வாகச் சட்டப்படி நிர்வாகக் குழுவுக்குப் பொறுப்பு வீட்டு உரிமையாளர்தான். எழுத்து நோட்டீஸ் வந்த பிறகும் கட்டாமல் இருப்பது குற்றமே. 5,000 வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஆரம்பத்திலேயே யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை, ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். இப்போது கட்டிவிட்டு, ரசீதை வைத்துக்கொண்டு, அவருடைய பாக்கியில் சேருங்கள். அதனால் மேலே போட்ட 4,740 கணக்கு கொஞ்சம் மாறும். பேசும்போதே இதையும் சேர்த்துத் தொகையை முடிவுசெய்துகொள்ளுங்கள்.

அடுத்த குடித்தனம்

ஏஜெண்டு சொல்லும் 1,600 வெள்ளியைப் பற்றி நேராகச் சொல்கிறேன்: ஏஜெண்டின் வாய்வார்த்தையை நம்பி விடாதீர்கள். தங்கியிருப்பவர்களில் முறையான ஆவணம் இல்லாதவர்கள் இருந்தால், குடிநுழைவுச் சட்டத்தின் 55E பிரிவில் இடம் கொடுத்தவரும் மாட்டுவார். ஓர் ஆளுக்கு 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். எட்டுப் பேருக்குப் பெருக்கிப் பாருங்கள். தொழிற்சாலையே நேரடியாக அதன் பெயரில் ஒப்பந்தம் போட்டு, தொழிலாளர் இலாகாவின் தங்குமிடச் சான்றிதழை வாங்கி, ஒவ்வொருவரின் பெர்மிட் நகலையும் கொடுத்தால் பேசலாம். அப்போதும் உங்கள் நிர்வாகக் குழுவின் விதிகளை முதலில் கேளுங்கள். மூன்று அறையில் எட்டுப் பேர் என்றால் மேல்வீடும் கீழ்வீடும் சும்மா இருக்காது.

குடும்பத்துக்கே விடுவதென்றால், இந்த முறை சிபாரிசை மட்டும் நம்பாமல் அடையாள அட்டை நகல், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வேலை செய்யும் இடத்தின் தொலைபேசி எண் மூன்றையும் வாங்குங்கள். முடிந்தால் முந்தைய வீட்டுக்காரரோடு ஒரு வார்த்தை பேசுங்கள். தயங்காமல் கேளுங்கள், ஒழுங்காகக் கட்டுகிறவர்கள் இதற்குக் கோபப்படுவதில்லை. டெபாசிட் இரண்டு மாத வாடகை, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை முன்கூட்டியே என்பதுதான் ஊர் வழக்கம். அதற்கு உச்சவரம்பு எதுவும் சட்டத்தில் இல்லை. "டெபாசிட்டைக் கடைசி மாத வாடகையாகக் கழித்துக்கொள்ள முடியாது" என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் கட்டாயம் வேண்டும். மின்சாரக் கணக்கை அவர் பெயருக்கே மாற்றச் சொல்லுங்கள். தெனாகா அவரிடமே டெபாசிட் வாங்கிக்கொள்ளும், பாக்கியும் அவரைத் தேடிப் போகும்.

சாவி கொடுக்கும் நாளில் ஒவ்வோர் அறையையும் போனில் படம் எடுத்து, மின்விசிறி, குழாய், கதவு, மீட்டர் எண் எல்லாவற்றையும் ஒரு பட்டியலில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். டெபாசிட் சண்டைகள் பெரும்பாலும் இந்தப் பட்டியல் இல்லாததால் வருபவைதான்.

முத்திரைச் செலவு ஒன்றும் பெரிதில்லை. 2025 முதல் உள்ள விகிதத்தில், ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும், ஓராண்டு வரையுள்ள ஒப்பந்தத்துக்கு 1 வெள்ளி, ஓராண்டுக்கு மேல் மூன்றாண்டு வரை 3 வெள்ளி. மாதம் 1,100 என்றால் ஓராண்டுக்கு 53 வெள்ளி, ஈராண்டுக்கு 159. கூடுதல் நகலுக்கு 10. வழக்கமாக வாடகைதாரர்தான் கட்டுவார். கையெழுத்திட்ட 30 நாளுக்குள் கட்டவேண்டும். 2026 முதல் இந்த வரியை நாமே கணக்கிட்டு அறிவிக்கும் முறை வந்திருப்பதால், மகனை உட்கார வைத்து இணையத்தில் செய்துகொள்ளுங்கள். உங்களைப் போல ஒரே வீடு வைத்திருப்பவர்களுக்கு நான் ஓராண்டு ஒப்பந்தத்தைத்தான் சொல்வேன், விருப்பப்பட்டால் இன்னோர் ஆண்டு நீட்டிக்கலாம் என்ற வரியோடு. ஆள் சரியில்லை என்றால் ஓராண்டில் தெரிந்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்று

கடிதத்தில் ஓர் இடத்தில், "வீடு இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் அதிகக் கவலை.

இப்போதைய தகராறுக்கு அது பெரிய தடையில்லை. உங்களிடமிருந்து வாடகைக்கு வாங்கி, உங்களுக்கு வாடகையும் கொடுத்தவர், "இந்த அம்மாவுக்கு வீட்டில் உரிமை இல்லை" என்று இப்போது திரும்பிப் பேச முடியாது. 1950ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், 116ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. ஆனால் வீட்டை விற்கவோ, அடமானம் வைக்கவோ, உங்களுக்குப் பிறகு பிள்ளைகளுக்குச் சிக்கலில்லாமல் போய்ச்சேரவோ பெயர் மாற்றம் வேண்டும்.

உயில் இல்லாததால் 1958ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டப்படிதான் பிரியும். கணவரின் பெற்றோர் உயிரோடு இல்லையென்றால், உங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. முழு வீடும் உங்களுக்கே என்று நீங்கள் நினைத்திருந்தால், அப்படியில்லை. பிள்ளைகள் தங்கள் பங்கை உங்களுக்கு விட்டுக்கொடுக்கலாம், ஆனால் அவர்களே சம்மதித்துக் கையெழுத்திடவேண்டும். மகனோடும் மகளோடும் இதைப் பேசும்போது வாடகைப் பணம் யாருக்கு என்பதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். எல்லாரும் நல்லபடியாகப் பேசிக்கொண்டிருக்கும் காலத்தில்தான் இது சுலபம்.

உயில் இல்லாத, வீடோ நிலமோ அடங்கிய, மொத்த மதிப்பு 5 மில்லியன் வெள்ளிக்கு மேற்படாத சொத்து என்றால் உயர்நீதிமன்றம் போகவேண்டியதில்லை. 2024 ஜூலைக்கு முன் அந்த வரம்பு 2 மில்லியனாக இருந்தது. வீடு இருக்கும் மாவட்டத்தின் நில அலுவலகத்திலேயே சிறு சொத்துப் பங்கீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். கணவரின் இறப்புச் சான்றிதழ், உங்கள் திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், எல்லாருடைய அடையாள அட்டை நகல், கிராண்டு நகல் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு படிவம் 'ஏ'வைக் கேட்டு வாங்குங்கள். வங்கிக் கடன் ஏதாவது மிச்சமிருந்தால் அந்தக் கடிதமும் வேண்டும். விசாரணை நாளன்று பிள்ளைகள் இருவரும் வரவேண்டியிருக்கும், மகனிடம் இப்போதே சொல்லி லீவு எடுக்கச் சொல்லுங்கள். வீடு உங்கள் பெயருக்கு வந்ததும் தெனாகா, தண்ணீர், வீட்டு வரி, நிர்வாக அலுவலகம் நான்கிலும் பெயரை மாற்றிவிடுங்கள்.